இரண்டு மணி நேரமா, இரண்டு இரவா?

மும்பையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? வான்வழியில் சுமார் 1,030 கிலோமீட்டர். விமானம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. தண்டவாள வழியில் சுமார் 1,280 கிலோமீட்டர். சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக ரயில் போய்ச் சேர ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் நம்மில் பலருக்குச் சென்னை ஊரல்ல. நெல்லையும் தூத்துக்குடியும் குமரியும்தான் ஊர். அங்கே போக ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும். விமானத்தில் மதுரையில் இறங்கினாலும் நெல்லைக்கு இன்னும் சுமார் 150 கிலோமீட்டர் சாலை.

ஆக, தூரத்தைக் கிலோமீட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கையில் உள்ள காசும் தீர்மானிக்கிறது.

ஊரில் தகப்பன் கண்மூடினான் என்று விடியற்காலையில் செய்தி வருகிறது. இன்றிரவு வண்டியின் தட்கல் சீட்டு நேற்றுக் காலையே விற்றுத் தீர்ந்துவிட்டது. மிஞ்சியது முன்பதிவில்லாப் பெட்டி. நிற்க இடம் கிடைத்து ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கொள்ளி வைக்க வேண்டிய மகன் சாம்பலைத்தான் பார்க்கிறான்.

விமானத்தில் போகலாமே என்பார்கள். ஹவாய் செருப்பு அணிந்தவனும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017-ல் பிரதமரே சொன்னார். நல்ல வார்த்தைதான். ஆனால் தேவை கூடக்கூட ஏறுவது விமானக் கட்டணம். அவசரக்காரனிடமே அதிகம் கேட்கிறார்கள்.

கட்டணத்தில் தலையிட முடியாது என்று அரசு சொல்ல முடியாது. 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்ட் வரை உச்சவரம்பு வைத்தது அரசுதானே? 2025 டிசம்பரில் விமானங்கள் பெருமளவில் ரத்தானபோதும் வரம்பு விதித்தது. 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய், வரி தனி. நம்மில் பலரது ஒரு மாதக் கூலி அது! வரம்பு வைத்தும் அந்த நிலை என்றால், வரம்பே இல்லாத நாளில் ஏழையின் கதி என்ன?

எனவே விமானத்தை நம்பி ரயிலை மறந்துவிட முடியாது. உழைப்பாளியின் வாகனம் இன்றும் ரயில்தான். 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அப்படியானால் பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறைச் சிறப்பு வண்டிகளையும் அந்த 60 நாளுக்கு முன்பே அறிவிப்பதுதான் நியாயம்.

நாம் கேட்பது சலுகையல்ல, உரிமை. தென்மாவட்ட வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டுக! சிறப்பு வண்டி என்ற பெயரில் சிறப்புக் கட்டணம் வாங்காதே! சாவுச் செய்தியோடு ஓடி வருபவனுக்கு ஒவ்வொரு வண்டியிலும் சில இடங்களை ஒதுக்குக! அதே துயரத்தோடு விமான நிலையம் வருபவனுக்கு நிரந்தரக் கட்டண வரம்பு வைத்திடுக!

இந்நகரின் தோலையும் துணியையும் கட்டடத்தையும் உருவாக்கிய கைகள் நம்முடையவை. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், இங்கும் ஊரிலும், இந்த நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு நம் பதிலை வாக்குப்பெட்டி சொல்லட்டும்!