சமநிலை என்னும் மயக்கம்

'இயற்கைச் சமநிலை' என்ற சொற்றொடர் நம்மிடையே மந்திரம்போல் வழங்கிவருகின்றது. மேடையிலே பேசுவோர் அதனை முழங்குகின்றனர். மாணவர் விடைத்தாளிலே அதனை எழுதுகின்றனர். மனிதன் தலையிடாதிருந்தால் இயற்கை தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் என்ற ஆறுதலோடு இரு சாராரும் அமைந்துவிடுகின்றனர். இந்த ஆறுதல் ஆதாரமற்றது; சூழலியலின் உயிர்நிலையான வினாவையே மறைத்துவிடுவது என்பதே எமது வாதம்.

சூழலியலுக்கு 1866இல் பெயரிட்ட ஏர்ணஸ்ட் ஹெக்கல், உயிரிகளுக்கும் அவற்றின் சூழலுக்கும் இடையிலான தொடர்புகளையே அதன் பொருளாகக் கொண்டார். 'சூழற்றொகுதி' என்ற எண்ணக்கருவை 1935இல் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்த கட்டுரையோ ஒரு கண்டனக் கட்டுரையாகும். தாவரச் சாகியம் ஓர் உயிருடலைப் போலப் பிறந்து முதிர்ச்சியடைகின்றது என்ற கொள்கையை அவர் அதில் மறுத்தார். உயிருள்ளனவும் உயிரற்றனவும் ஒன்றன்மீதொன்று வினைபுரியும் தொகுதியையே ஆராய வேண்டுமென வற்புறுத்தினார். நம் பாடக்குறிப்புகளிலோ உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி என்ற பெயர்கள் அம்புக்குறிகளால் இணைக்கப்பட்டு நிற்கின்றன. எந்த உயிரி, எந்த உயிரியை, எந்த நிலைமையிலே தாக்குகின்றது என்ற வினா அங்கு எழுவதேயில்லை.

இவ்வினாவின் பெறுமதியை நம் நாட்டு நீர்நிலைகளே உணர்த்தும். சல்வீனியா என்ற மிதக்கும் பன்னம் 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதி வாயிலாக இலங்கைக்கு வந்தது. அது வித்திகளால் இனம்பெருக்க இயலாத மலட்டுத் தாவரம். எனினும் முறிந்த ஒவ்வொரு துண்டும் புதிய செடியாகின்றது. ஏற்ற நிலைமையில் இரண்டு மூன்று நாட்களிலே இருமடங்காகின்றது. குளங்களிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் அது பாய்விரித்தாற்போற் படர்ந்தது. அதன் கீழே ஒளி அற்றது, ஒட்சிசன் குன்றியது.

மனிதன் கொண்டுவந்ததனாலன்றோ இக்கேடு விளைந்தது என்று சமநிலைவாதிகள் கூறுவர். உண்மையே. ஆனால் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் நம்பும் சமநிலை ஏன் மீளவில்லை? காரணம் எளிது. இத்தாவரத்தை அடக்கவல்ல பூச்சி இங்கு இல்லை. உயிரிகளிடையேயான உறவுகள் நீண்ட காலக் கூர்ப்பிலே உருவாகுபவை. ஓரிடத்தில் வெற்றிடம் தோன்றியதும் அதனை நிரப்ப வேறோர் உயிரி வந்தே தீரும் என்று எவ்விதியுமில்லை.

இவ்வுறவு எவ்வளவு நுட்பமானது என்பதை அடுத்து நிகழ்ந்தவை காட்டும். 1960களில் எதிரிப் பூச்சிகளைத் தேடியோர், பிழையான பெயரால் வழிதவறி, டிரினிடாட்டு முதலிய இடங்களில் வளரும் உறவுத் தாவரமொன்றிலிருந்தே அவற்றைத் திரட்டினர். அவ்வாறு கிடைத்த கூன்வண்டு ஆபிரிக்காவில் விடப்பட்டும் களையை அடக்கவில்லை. 1972இலேயே சல்வீனியா தனியினமெனப் பெயர் பெற்றது; 1978இலே அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் எனக் கண்டறியப்பட்டது. அங்கு கிடைத்த கூன்வண்டு முன்னையதையே ஒத்திருந்தது. ஆயினும் 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டபோது, ஓராண்டு சிறிது கடப்பதற்குள் ஏறத்தாழ 18,000 தொன் களையை அது அழித்தது. முதிர்வண்டு அரும்புகளை உண்ண, குடம்பி தண்டினுள்ளே துளைத்தது. இரண்டும் வெவ்வேறினம் என்பது 1985இலேயே நிறுவப்பட்டது. 'நுகரி' என்ற ஒரே பெயரால் இரண்டையும் குறிக்கும் நம் வரைபடம் இவ்வேறுபாட்டைப் பற்றி யாது கூறும்?

சரியான பூச்சி மட்டும் போதியதாகவுமில்லை. பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றிலே அதே வண்டு முதலிற் பெருகவில்லை. அங்கிருந்த செடிகளின் இழையத்தில் நைதரசன் குறைந்திருந்தது. சிறு பகுதிகளுக்கு யூரியா இட்ட பின்னரே வண்டுகள் பெருகிப் பரவின. உயிரற்ற கூறொன்று இரண்டு உயிரிகளின் உறவையே தீர்மானித்தது. டான்ஸ்லி வற்புறுத்தியதும் இதனையே.

இலங்கையில் அவ்வண்டு 1986இல் விடப்பட்டது. சில ஆண்டுகளுள் பெரும்பாலான இடங்களிற் களை கட்டுப்பட்டது. 1989இல் வெளிவந்த பொருளியல் மதிப்பீடொன்று, செலவிட்ட பணத்தின் 53 மடங்கு நன்மை கிடைத்ததெனக் கணித்தது.

அந்நியத் தாவரத்தை ஒழிக்க அந்நியப் பூச்சியைக் கொணர்வது பேராபத்தன்றோ எனச் சிலர் வினவுவர். கரும்பு வண்டை ஒழிக்கவென 1935இல் அவுஸ்திரேலியாவுக்குக் கொணரப்பட்ட தேரை தானே பெருங்கேடானதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தேரை வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் உண்பது. கூன்வண்டோ பல பயிர்களிலும் பிற தாவரங்களிலும் சோதிக்கப்பட்ட பின்னரே விடப்பட்டது. இரண்டையும் பிரிப்பது யார் எதனை உண்கின்றார் என்ற அறிவேயன்றித் தலையீடு உண்டா இல்லையா என்பதன்று.

இன்று சல்வீனியா அற்றுப்போய்விடவில்லை, அடங்கியே நிற்கின்றது. இதனைச் சமநிலை என்று அழைக்க விரும்புவோர் அழைக்கட்டும். ஆனால் அது இயற்கை தானாக அளித்ததன்று, நிலையானதுமன்று. வயலிலிருந்து கழுவப்படும் உரம் குளத்தை நற்போசணையாக்கும்போது சல்வீனியாவுக்கு மட்டுமன்றி வேறு களைகளுக்கும் அது விருந்தாகின்றது. அவற்றையெல்லாம் இந்த வண்டு உண்ணாது. சட்டமும் தனித்து நின்று காவாது. ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே கட்டளைச் சட்டம் இயற்றியும் அது நம் நீர்நிலைகளை விட்டகலவில்லை.

ஓர் உயர்கல்விக்கூடத்தின் வாயிலாகவே இக்களை நாட்டினுள் நுழைந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தார் மறத்தலாகாது. வரைவிலக்கணங்களை ஒப்புவிக்கும் பட்டதாரி அடுத்த சல்வீனியாவை அடையாளங் காணமாட்டான். ஆண்டு முழுவதும் ஒரு குளத்தை அவதானித்து, அதில் எது எதனை உண்கின்றது, எந்த மாதத்தில், எத்தகைய நீரில் என்று பதிவுசெய்வதை ஒவ்வொரு சூழலியல் மாணவனுக்கும் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்று கூறும் பாடத்திட்டத்தில் சூழலியல் என்ற பெயர் மட்டுமே எஞ்சும்.