நாலு எஞ்சின் கண்ட ரயிலுக்கு ஒரு கதவு கிடைக்கவில்லை!

பிரிட்டனின் இன்டர்சிட்டி 125 ரயிலைப் பற்றி ரயில் பிரியர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். எந்தப் பவர் காரில் எந்த எஞ்சின், எந்தப் பெட்டியில் எத்தனை சீட், எந்தக் கம்பெனி என்ன பெயின்ட் அடித்தது... பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரே ரயிலில் இத்தனை வகையா என்று வியப்பார்கள். வியக்க வேண்டிய ரயில்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு கேள்வியும் கேட்கலாம். இத்தனை வருடங்களில் எது மாறியது? எது மாறவே இல்லை? மாறியதெல்லாம் யாருக்காக மாறியது? இப்படிக் கேட்டுப் பார்த்தால் வியப்பு குறைந்து கோபம் வரும்.

முதலில் ரயிலைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு டீசல் பவர் கார், நடுவில் 'மார்க் 3' என்ற பெட்டிகள். மணிக்கு 125 மைல், அதாவது சுமார் 200 கிலோமீட்டர் வேகம். 1973 ஜூனில் இதன் முன்மாதிரி 143 மைல் வேகத்தைத் தொட்டு டீசல் ரயில்களில் உலக சாதனை படைத்தது. 1976 அக்டோபரில் லண்டன் பாடிங்டனிலிருந்து மேற்கே போகும் பாதையில் பயணிகள் சேவை தொடங்கியது. மேற்குப் பாதைக்கு 7 பெட்டி, கிழக்குக் கடற்கரைப் பாதைக்கு 8 பெட்டி. ஆக, வேறுபாடு பிறக்கும்போதே கூடப் பிறந்துவிட்டது.

முதல் மாற்றம்: டிரைவருக்காக

முன்மாதிரியில் டிரைவருக்கு நடுவில் ஒரே ஒரு சீட். தொழிற்சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய தகராறே நடந்தது. கடைசியில் உற்பத்திக்கு வந்த வண்டியில் இரண்டு சீட், அகலமான முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் ஜன்னல். கென்னத் கிரேஞ்ச் வடிவமைத்த, இன்று எல்லோரும் ரசிக்கிற அந்தக் கூர்மூக்கு முகம் இப்படித்தான் வந்தது.

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஓட்டுகிறவர் பாதுகாப்பாக உட்கார வேண்டும், அது நியாயம். கவனிக்க வேண்டியது வேறு. கேட்க ஒரு சங்கம் இருந்தது, கேட்டார்கள், ரயிலின் முகமே மாறியது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பயணிக்காக அழ யாரும் இல்லை.

எஞ்சின்: நாலு பிறவி

முதலில் பாக்ஸ்மன் வாலன்டா. 12 சிலிண்டர், 2,250 குதிரைத்திறன். ஊளையிடுவது போன்ற சத்தமும் கரும்புகையும் அதன் அடையாளம். 1980களில் நாலே நாலு பவர் கார்களில் மிர்லீஸ் எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். 1994இலிருந்து பாக்ஸ்மனின் விபி185 வந்தது. 2005இல் ஜெர்மனியின் எம்டியு எஞ்சினைச் சோதித்து, அடுத்த சில வருடங்களில் பெரும்பாலான பவர் கார்களில் அதையே பொருத்தினார்கள். 2010 வாக்கில் வாலன்டா சத்தம் ஓய்ந்தே போனது.

இது மட்டுமா? 1980களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைப் பாதைக்குப் புது மின்சார எஞ்சின்கள் முன்னாடியே வந்துவிட்டன, அவற்றுக்கான புதுப் பெட்டிகள் வரவில்லை. நடுவில் சமாளிக்க எட்டு பவர் கார்களின் மூக்கை வெட்டி பஃபர் வைத்தார்கள். தற்காலிகத் தேவைக்காக ஒரு ரயிலின் முகத்தையே அறுக்க முடிந்திருக்கிறது. இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள், கதவுப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

சீட்டும் ஜன்னலும்

இனி பெட்டிக்கு வருவோம். மார்க் 3 பெட்டி 23 மீட்டர் நீளம், ஒவ்வொரு பக்கமும் 8 பெரிய ஜன்னல். முதல் வகுப்பில் 48 சீட். இரண்டும் ஒன்றுமாக எதிரெதிரே போட்டால் ஒரு வரிசைக்கு 6 பேர், எட்டு வரிசைக்கு எட்டு ஜன்னல். கச்சிதம்! இரண்டாம் வகுப்பிலோ 72 சீட். வரிசைக்கு 8 பேர் என்றால் 9 வரிசை. ஜன்னல் மட்டும் அதே எட்டு. செலவு குறைய ஒரே கூட்டை இரண்டு வகுப்புக்கும் பயன்படுத்தியதால் வந்த வினை இது. கணக்குப் போட்டவர்களுக்கு இது அன்றே தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் இதே திசையில்தான். மேஜையை எடு, சீட்டைப் பஸ் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போடு. 2007 வாக்கில் மேற்குப் பாதையில் நடந்த புதுப்பிப்பில் சில பெட்டிகளில் 80க்கும் மேல் சீட் வந்துவிட்டது. உயரமான முதுகுச் சாய்மானம், பக்கத்தில் ஜன்னலுக்குப் பதில் சுவர். முழுக் கட்டணம் கொடுத்தவர் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கதவு: பிறந்தபடியே இருந்தது

எஞ்சின் மாறியது, மூக்கு மாறியது, சீட் மாறியது. கதவு? 1976இல் எப்படி இருந்ததோ அப்படியே. கையால் அடித்துச் சாத்தும் கதவு. அதில் உள்பக்கம் கைப்பிடியே கிடையாது! இறங்க வேண்டியவர் கதவின் ஜன்னலைக் கீழே இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கையில் பலமில்லாத முதியவர், கண் தெரியாதவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் எல்லோரும் 200 கிலோமீட்டர் வேக ரயிலிலிருந்து இறங்க இந்த வித்தையைச் செய்ய வேண்டும்.

ஓடும் ரயிலிலிருந்து பயணிகள் விழுந்து இறந்த பிறகு 1990களில் கார்டு கட்டுப்படுத்தும் மையப் பூட்டு வந்தது. நல்லதுதான். ஆனால் பூட்டு வந்ததே தவிரக் கைப்பிடி உள்ளே வரவில்லை. கைப்பிடி வெளியே இருக்கும் வரை ஜன்னல் திறந்தாக வேண்டும். ஜன்னல் திறக்கும் என்றால் யாராவது தலையை நீட்டுவார்கள்.

2018 டிசம்பர் 1 அன்று இரவு பாத் நகரைத் தாண்டி ட்வெர்ட்டன் என்ற இடத்தில் அதுதான் நடந்தது. கதவு ஜன்னலில் தலையை நீட்டிய ஓர் இளம்பெண், பாதையோர மரக்கிளை மோதி இறந்துபோனார். ஜன்னலுக்கு மேலே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர்! அதே ரயிலின் இரண்டு முனையிலும் ஜெர்மன் எஞ்சின் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. எஞ்சினுக்குப் பணம், பயணிக்கு ஸ்டிக்கர்.

கழிப்பறைக் கதையும் இதுதான். குழாய் நேரே தண்டவாளத்தில் திறக்கும். அந்தப் பாதையில் இறங்கி வேலை செய்கிற தொழிலாளி என்ன ஆவார்? எத்தனையோ புதுப்பிப்பு வந்தும் பல பெட்டிகளில் தொட்டி வரவில்லை. 2018 அக்டோபரில் ஸ்காட்லாந்துக்கு இந்த ரயில்கள் போனபோது, புதுப்பிக்கும் வேலை தாமதமானதால் முதலில் ஓடியவை பழைய கதவு, பழைய கழிப்பறையுடனேதான் ஓடின.

சாக்குகள்

'முடியாது' என்பது முதல் சாக்கு. மார்க் 3 பெட்டியின் மேல்தகடே பாரம் தாங்குகிறது, அதை வெட்டிக் கதவு வைப்பது கடினம் என்பார்கள். கடினம்தான். ஆனால் 1988இலேயே லண்டனுக்கும் வேமத்துக்கும் இடையே ஓட வந்த 442 வகை மின்சார ரயில் இதே மார்க் 3 வடிவத்தில், இதே 23 மீட்டர் நீளத்தில், தானியங்கிக் கதவுடன் பிறந்தது. அது புதுப் பெட்டி என்றால், 2010களின் தொடக்கத்தில் சில்டர்ன் கம்பெனி பழைய மார்க் 3 பெட்டிகளையே வெட்டித் தானியங்கிக் கதவு வைத்துக் காட்டியது. அப்புறம் என்ன முடியாது?

'செலவு' என்பது இரண்டாவது சாக்கு. உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. 1990களில் நடந்த தனியார்மயத்தில் பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒரு கம்பெனி, ஓட்டுவது இன்னொரு கம்பெனி, அதுவும் சில வருட ஒப்பந்தத்தில். புது எஞ்சின் எரிபொருளிலும் பழுதிலும் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். கூடுதல் சீட் டிக்கெட்டாகத் திரும்பி வரும். கதவு? அது யாருக்கும் ஒரு பென்னி சம்பாதித்துத் தராது. பாதுகாப்பு என்ற வரி லாபக் கணக்கில் இல்லை, அதனால் கதவு காத்திருந்தது.

'எப்படியும் இந்த ரயில் போகப்போகிறது, எதற்குச் செலவு' என்பது மூன்றாவது. இதைச் சொல்லிச் சொல்லியே ரயில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது!

சட்டம் வந்தது, கதவும் வந்தது

கடைசியில் கதவை மாற்ற வைத்தது எது? 2020 ஜனவரி முதல் எல்லா ரயிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளுக்கு உட்பட வேண்டும் என்ற கெடு. கெடு நெருங்கியதும் ஸ்காட்லாந்துக்கும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் போகும் பெட்டிகளில் நகரும் கதவும் கழிவுத் தொட்டியும் வந்தன. அதுவும் எப்போது? மேற்குப் பாதையின் நீண்டதூர சேவையிலிருந்து 2019 மே மாதமும், கிழக்குக் கடற்கரைப் பாதையிலிருந்து அதே வருடம் டிசம்பரிலும் இந்த ரயில்கள் விடைபெற்ற சமயத்தில். நாலைந்து பெட்டியாகக் குறுகி, கிளைப்பாதைகளுக்குப் போன பிறகு நல்ல கதவு கிடைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பெட்டியின் வயது மேல் பழி போட வேண்டாம். 40 வயதில் மாட்ட முடிந்த கதவை 20 வயதில் மாட்டியிருக்க முடியும். கம்பெனிகள் தாமாக நல்லவர்களாகும் என்று காத்திருந்தது தப்பு. கெடு வைத்த சட்டம்தான் வேலை செய்தது, அதை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும்.

ரயில் பிரியர்கள் பட்டியல் போடட்டும், அது நல்ல பொழுதுபோக்கு. எஞ்சின், கூலர், பஃபர், பெயின்ட் என்று இருக்கும் கட்டங்களோடு 'இறங்க வழி' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். முதல் நாற்பது வருடத்துக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரே விடைதான் இருக்கும்: ஜன்னலைத் திற, கையை வெளியே நீட்டு.