ஹராம்பே என்னும் சொல்லும் டென்னிஸ் ஒலியெச்சின் பதினைந்து ஆண்டுகளும்

2004 பிப்ரவரி 2 அன்று துனிசியாவில் நடைபெற்ற ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைப் போட்டியில் கென்யா, புர்கினா ஃபாசோவை 3-0 என்ற கணக்கில் வென்றது. 1972இல் அக்கோப்பையில் முதன்முதலாக ஆடிய கென்யா, அதன் இறுதிச் சுற்றில் பெற்ற முதல் வெற்றி அதுவே. அன்று கோலடித்த மூவருள் ஒருவரான டென்னிஸ் ஒலியெச்சுக்கு அன்றைய நாளில்தான் 19 வயது நிறைந்தது. கென்யா மீண்டும் அவ்விறுதிச் சுற்றை எட்டியபோது ஆண்டு 2019. இடைப்பட்ட 15 ஆண்டுகளுக்குள் ஒலியெச்சின் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முழுமையாக அடங்கிவிட்டது.

கென்யா கண்ட மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர்களுள் ஒருவரான அவரது வாழ்க்கை வழக்கமாக இரண்டு கதைகளாகச் சொல்லப்படுகிறது. நைரோபியின் எளிய பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற இளைஞனின் கதை ஒன்று. பணத்தை மறுத்துத் தாய்நாட்டைத் தேர்ந்த பற்றாளனின் கதை மற்றொன்று. இரண்டும் அவரைப் புகழ்கின்றன. பொறுப்பேற்க வேண்டியவர்களைக் கேள்வியிலிருந்து தப்பவிடுவதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முதற்கதையின் தொடக்கம் மத்தாரே யுனைட்டெட். 1987இல் நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் தோன்றிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தின் வழிவந்த அணி அது. அச்சங்கத்தின் லீக் போட்டிகளில், தெருக் குப்பையை அகற்றும் அணிகளுக்கும் புள்ளிகள் வழங்கப்பட்டன. அங்கிருந்து கத்தாரின் அல் அராபி, பிரான்சின் நான்ட், ஓசேர், அஜாக்சியோ என ஒலியெச்சின் பயணம் விரிந்தது. 2010இல் ரியல் மாட்ரிட், மிலான், அயாக்ஸ் ஆகியவற்றுடன் சாம்பியன்ஸ் லீக்கின் ஒரே பிரிவில் ஆடிய ஓசேர் அணியில் அவரும் இருந்தார். ஆயினும் பிரான்சில் அவர் கோல்களைக் குவித்தவர் அல்லர். கென்யாவுக்காக 76 ஆட்டங்களில் 34 கோல்கள் அடித்தார் என்பதே பரவலாகக் கூறப்படும் கணக்கு. ஐரோப்பிய அணிகளின் பட்டியலையே அளவுகோலாகக் கொள்ளும் கதையில், அந்த 34 கோல்கள் பிற்சேர்க்கையாகச் சுருங்கிவிடுகின்றன.

இரண்டாம் கதை கத்தாரைப் பற்றியது. குடியுரிமையும் பெரும்பணமும் தர அந்நாடு முன்வந்ததாகவும், ஒலியெச் அதை மறுத்ததாகவும் கென்ய ஊடகங்கள் எழுதின. ஏறத்தாழ அதே காலத்தில், 2003இல், ஸ்டீபன் செரோனோ என்னும் கென்ய ஓட்டக்காரர் சைஃப் சயீத் ஷாஹீன் என்ற பெயருடன் கத்தாருக்காக ஓடி, பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் தங்கத்தை வென்றார். நாடு மாறியவர்களுக்கான காத்திருப்புக் காலத்தைத் தளர்த்தக் கென்யா இசையாததால், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் ஓட முடியவில்லை. சென்றவர் துரோகி, தங்கியவர் தியாகி என்று தீர்ப்பெழுதுவது எளிது. தங்கியவருக்கு நாடு என்ன செய்தது என்ற கேள்வியை அத்தீர்ப்பு எழுப்புவதே இல்லை.

துனிசிய வெற்றிக்குச் சில மாதங்களுக்குப் பின், 2004இலேயே, அரசுக்கும் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இடையிலான மோதலால் ஃபிஃபா கென்யாவை இடைநீக்கம் செய்தது. 2006இல் மீண்டும் ஓர் இடைநீக்கம். ஓர் ஆட்டக்காரரின் கால்கள் விரைவு மிக்கவையாக இருக்கும் ஆண்டுகள் மிகச் சில. அவற்றுள் ஒரு பகுதியை நிர்வாகச் சண்டை விழுங்கியது. 2009 நவம்பரில் நைரோபியில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ஒலியெச் அடித்த கோல் கென்யாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் 3-2 என நைஜீரியாவின் வசமாயிற்று. தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றதும் நைஜீரியாவே.

அக்காலத்தில் ஆப்பிரிக்கக் கோப்பையில் 16 இடங்களே இருந்தன, 2019இல்தான் அவை 24 ஆயின. ஆகவே நிர்வாகத்தை மட்டும் குறைகூறுவது முறையன்று என்று வாதிடலாம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 2004இல் கென்யாவிடம் மூன்று கோல்களில் தோற்ற அதே புர்கினா ஃபாசோ, அதே 16 இடங்களுக்குள் போட்டியிட்டு 2013இல் அக்கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றது. இடக்குறைவு இருவருக்கும் பொதுவாகவே இருந்தது.

கென்ய தேசிய அணியின் பெயர் ஹராம்பே ஸ்டார்ஸ். ஹராம்பே என்ற சுவாஹிலிச் சொல், எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள்படுவது; நாட்டின் இலச்சினையிலும் பொறிக்கப்பட்டிருப்பது. விடுதலைக்குப் பின் ஊர்கூடிப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுப்பிய இயக்கத்தின் பெயரும் அதுவே. ஏவற்பொருள் கொண்ட சொல்லுக்கு ஓர் இயல்பு உண்டு: ஏவுபவர் தாமும் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். கரையில் நின்று இழுங்கள் என்று கூவுபவரின் வாயில் அது வெறும் கட்டளையாகிவிடுகிறது. ஒலியெச்சின் காலத்தில் கயிறு ஆட்டக்காரர்களின் கையில் மட்டுமே இருந்தது.

2027 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை நடத்தும் உரிமையைக் கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளும் பெற்றபோது முன்வைத்த முழக்கம் பமோஜா. ஒன்றாக என்பது பொருள். சொல் புதிது, வாக்குறுதி பழையது. 2022இலும் கென்யா இடைநீக்கத்தைச் சந்தித்தது என்பதை நினைவில் கொண்டால், அரங்குகளைப் புதுப்பிப்பதால் மட்டும் அவ்வாக்குறுதி நிறைவேறாது என்பது விளங்கும். ஆட்டக்காரருக்குரிய தொகை உரிய நாளில் சேர்வதும், சம்மேளனத்தின் கணக்குகள் பொதுப்பார்வைக்கு வருவதும், சிறுவர் லீக்குகள் ஆண்டுதோறும் தடையின்றி நடப்பதும் அதைவிட முதன்மையானவை.

ஒலியெச்சின் நாட்டுப்பற்றைப் புகழ்வதில் பிழையில்லை. அந்தப் பற்றுக்கு நாடு ஈடு செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே பிழை. அன்று துனிசியாவில் கோலடித்த அவரைப் போல் இன்று 19 வயதில் நிற்கும் ஒருவர், தமது அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்காக 15 ஆண்டுகள் காத்திருக்க நேராது என்ற உறுதியை அளிப்பதே அவருக்குச் செய்யத்தக்க மரியாதை.