கூண்டு ஏறும் முன்னே கிராமத்துக்குப் பயிற்சி கொடு!

  

ஐப்பசி பிறந்தால் டெல்டாவுக்கு அடைமழை, கார்த்திகை வந்தால் புயல். இது நேற்று இன்று வந்த கதையல்ல. 1952-லும் 1977-லும் நாகைக் கரையைப் புரட்டிப் போட்ட புயல்களைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் உயிர்களுக்கு மேல் பறிகொடுத்தோம். 2008-ல் நிஷா, 2011-ல் தானே, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா. பேர்தான் மாறுது, அடி விழுவது நம் முதுகில்தான்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. புயல் அடிக்கும். மந்திரிகள் வருவார்கள். மத்தியக் குழு வரும், பார்க்கும், போகும். கணக்கெடுப்பில் பாதிப் பேர் விடுபடுவார்கள். நாம் ரோட்டில் உட்காருவோம். கஜாவில் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்கு அதுதான் விலையா என்று பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் கேட்ட குரல் இன்னும் அடங்கவில்லை. நியாயமான நிவாரணத்துக்கான போராட்டம் தொடரும், அதில் மாற்றமில்லை.

ஆனால் இந்தப் பிரசுரத்தில் நாம் எழுப்புகிற கேள்வி வேறு. புயல் வந்த பிறகு என்ன கொடுத்தாய் என்பது ஒரு கேள்வி. புயல் வரும் முன் எங்கள் ஊருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை நாம் இதுவரை உரக்கக் கேட்கவில்லை. இனி கேட்போம்.

கூண்டும் கலரும் யாருக்கு?

நாகை துறைமுகத்தில் 10-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று டி.வி.யில் சொல்கிறான். டீக்கடையில் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கூண்டு கப்பல்காரனுக்கு வைத்த அடையாளம். கடும் புயல் அந்தத் துறைமுகத்தின் மீதோ, அதை ஒட்டியோ கரை கடக்கும் என்று அதற்குப் பொருள். பத்து மைல் உள்ளே இருக்கிற தென்னை விவசாயி என்ன செய்யணும், குடிசையில் இருக்கிற கூலித் தொழிலாளி எப்போது கிளம்பணும் என்று அந்தக் கூண்டு சொல்லாது.

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் சொல்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. சரி, எதற்குத் தயாராவது? எந்தச் செயலில் இறங்குவது? ஊருக்குத் தெரியாது. எச்சரிக்கை ஊர் வரைக்கும் வருது, செய்ய வேண்டிய வேலை என்னவென்று சொல்ல யாரும் வருவதில்லை.

முதல் சில மணி நேரம் யார் கையில்?

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்கள் திறமைசாலிகள், உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் கஜா அன்று என்ன நடந்தது? ரோடெல்லாம் மரம். ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் செத்துப் போச்சு. உள்கிராமங்களுக்கு வண்டி வர நாள் கணக்கானது. மரத்தை வெட்டி வழி விட்டது யார்? இடிந்த வீட்டுக்குள் இருந்தவர்களைத் தூக்கி வந்தது யார்? அரிவாளும் கயிறும் வைத்திருந்த நம் பிள்ளைகள்தான். எந்தப் பேரிடரிலும் முதலில் வந்து நிற்பவன் பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்குப் பயிற்சி இல்லை என்றால் அரசின் திட்டம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

தெரிந்திருந்தால் தப்பும் உயிர்கள்

பயிற்சி என்றால் என்னவோ பெரிய படிப்பு என்று நினைக்க வேண்டாம். சிலவற்றைப் பாருங்கள்.

புயலின் கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். 'விட்டாச்சு' என்று மாட்டைப் பார்க்கவும் மோட்டாரைப் பார்க்கவும் வெளியே ஓடுகிறோம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் அப்போதுதான் விழும்.

வயலில் அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. மிதிக்காதே, விலக்காதே, ஆளை நிறுத்திக் காவல் வை, மின்வாரியத்துக்குச் சொல். தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீரிலேயே இறங்காதே.

வெள்ளத்தில் வரப்பும் பொந்தும் மூழ்கினால் பாம்பு மேட்டுக்கு வரும். மேடு என்பது நம் வீடுதான். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வைத்தியம்.

காற்று வரும் முன் மாட்டை அவிழ்த்து விட வேண்டும். கட்டுத்தறியில் கிடந்து மூழ்கிச் சாகிற மாடுகளே அதிகம். தென்னையில் முற்றிய காயையும் கனத்த மட்டைகளையும் இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும், காற்று பிடிப்பது குறையும். இதைப் புயல் அறிவித்த பிறகு நாளிதழில் போட்டு என்ன பயன்? ஒரு தோப்பில் இறக்கி முடிக்கவே மரமேறி கிடைப்பதில்லை. இரண்டு நாளில் ஊர்த் தோப்பு முழுக்க எப்படி இறக்குவது? முன்கூட்டியே திட்டம் போட்டால்தான் முடியும்.

பயிர் இன்சூரன்சையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால் இழப்பீடு கேட்க வழியுண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செல் டவரே சாய்ந்து கிடக்கும்போது எங்கே போய்த் தெரிவிப்பது? ஊர் சார்பில் யார் போவது, என்ன போட்டோ, என்ன காகிதம் என்று முன்பே சொல்லிக் கொடுக்காவிட்டால் கட்டின பிரீமியம் வீண்தான்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்

புதுச்சேரி நல்லவாடு மீனவ கிராமத்தைப் பாருங்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தகவல் மையம் வைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஒலிபெருக்கியும் கட்டியிருந்தது. சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கி அலறியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஓடித் தப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியது பெரிய கருவி எதுவுமில்லை. ஒரு போனும், ஒரு ஒலிபெருக்கியும், அதை என்ன செய்வது என்று தெரிந்த ஊரும்தான்.

ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே கிராமம் கிராமமாகப் புயல் காப்பகம் கட்டினார்கள். கட்டடத்தோடு நிற்கவில்லை, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2019 மே மாதம் ஃபானி புயலில் 12 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். மாண்டவர்கள் நூறைத் தொடவில்லை. வங்கதேசக் கரையில் 1970 புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1972-ல் ஊர்த் தொண்டர் படையைத் தொடங்கினார்கள். கொடியும் மெகாபோனும் எடுத்து வீடு வீடாகப் போகிறவர்கள் நம்மைப் போன்ற விவசாயிகளும் மீனவர்களும்தான். ஏழை நாடு செய்ததை இந்த நாடு செய்யக் கூடாதா?

சட்டம் இருக்கு, பணமும் இருக்கு!

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 30-வது பிரிவு, மக்களுக்குப் பயிற்சியும் விழிப்புணர்வும் ஏற்பாடு செய்வதை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமையாக வைத்திருக்கிறது. அதற்குத் தலைவர் கலெக்டர். 41-வது பிரிவு உள்ளாட்சி அமைப்பும் தன் ஊழியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமம் அல்ல, சட்டப்படியான உரிமை.

பணம்? 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கு ஒதுக்கிய பேரிடர் நிதியில் 10 சதவீதத்தை முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும் என்றே பிரித்து வைத்தது. அந்தப் பத்தில் நம் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது? யார் பயிற்சி பெற்றார்கள்? பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு என்கிறோம்.

ஒத்திகை நடத்தினோம் என்று பதில் வரும். எப்படி நடந்தது? பேனர் கட்டி, பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, போட்டோ எடுத்து, ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். நடவு வேலையில் இருந்த பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. கூலியை விட்டுவிட்டு எப்படி வருவாங்க? புயல் காப்பகத்துச் சாவி யாரிடம் என்று கேட்டால் அங்கிருந்தவர்களுக்கே தெரியல. மாட்டைக் கட்ட இடமில்லாத முகாமுக்கு மாடு வைத்திருப்பவன் வரமாட்டான் என்ற சாதாரண விஷயம்கூட யாருக்கும் தோணல.

நமக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வெள்ளக் காலத்தில் தண்டோரா போட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் என்று கரைக் காவல் நின்ற ஊர்கள் இவை. சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் வைத்து உடைப்பு அடைக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. எந்த வாய்க்கால் முதலில் புரளும், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று நீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியும். பயிற்சி கொடுக்க வருகிறவர் முதலில் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறோம். பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி உங்கள் பாடு என்று அரசு கை கழுவ விடமாட்டோம். வடிகால் தூர்வாருவதும், கரையைப் பலப்படுத்துவதும், கான்கிரீட் வீடு கட்டித் தருவதும், இழப்பீடு கொடுப்பதும் அரசின் பொறுப்பு. பயிற்சி அதற்குப் பதில் அல்ல, அதோடு சேர்ந்தது.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஊராட்சியிலும் பெண்கள், விவசாயத் தொழிலாளர்கள் பாதிக்குப் பாதி இருக்கும் பேரிடர்ப் பயிற்சிக் குழு அமைக்க வேண்டும்.

2. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் பயிற்சி. வருகிறவர்களுக்கு அந்த நாள் கூலி.

3. அக்டோபர் 2 கிராமசபையில் காப்பகச் சாவி வைத்திருப்பவர், படகு, மர அறுவை இயந்திரம், ஜெனரேட்டர், மணல் மூட்டை இருப்பு ஆகியவற்றை வாசித்துக் காட்ட வேண்டும்.

4. எல்லா முகாம் பக்கத்திலும் கால்நடைக்கு மேட்டு இடம், தீவனம், தண்ணீர்.

5. கரண்டும் செல்போனும் இல்லாத காலத்தில் இன்சூரன்ஸ் 72 மணி நேரக் கெடுவைத் தளர்த்த வேண்டும். ஊராட்சி அளவிலேயே புகார் பெற வேண்டும்.

6. பேரிடர் நிதியில் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையின் கணக்கை ஊர்வாரியாக வெளியிட வேண்டும்.

தோழர்களே! வருகிற கிராமசபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மினிட் புத்தகத்தில் எழுத வையுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். எழுத மறுத்தால் தாலுகா அலுவலகம் முன் திரளுவோம். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 108 ஆம்புலன்ஸ். இந்த மூன்று எண்களையும் இன்றே வீட்டுச் சுவரில் கரியால் எழுதுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் யார் என்று கணக்கெடுத்து, யாரை யார் தூக்குவது என்று இன்றே பேசி முடியுங்கள்.

புயலை நிறுத்த யாராலும் முடியாது. ஊரைத் தயார் செய்ய முடியும். செய்ய வேண்டியவர்களைச் செய்ய வைப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!