காதில் கருவி இருந்தால் போதுமா?

காலை மணி அடிக்கிறது. காது கேளாத குழந்தைகள் படிக்கும் வகுப்பு அது. முதல் வரிசையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். வயது 5. இரட்டைப் பின்னல். இரண்டு காதுகளிலும் கேட்கும் கருவி.

"உன் பெயர் என்ன?" என்று ஆசிரியை கேட்கிறார். பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறார். சிறுமி அவருடைய வாயையே பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

"நேற்று அழகாகச் சொன்னாயே! இன்றைக்கு என்ன பிடிவாதம்?" என்று ஆசிரியை கடிந்து கொள்கிறார்.

அது பிடிவாதம் அல்ல! கருவிகளில் இருந்த பாட்டரி தீர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பாட்டரி. அது தீர்ந்தது அம்மாவுக்குத் தெரியாது. ஆசிரியைக்கும் தெரியாது. சிறுமிக்கோ எடுத்துச் சொல்லத் தெரியாது. கொஞ்ச நஞ்சம் கேட்கும் காதையும் அந்தக் கருவி தக்கை போல அடைத்துக் கொண்டிருக்கிறது. அன்று முழுவதும் அவளுக்குப் பாடம் இல்லை.

இது நாம் கற்பனை செய்த காட்சிதான். ஆனால், எந்த ஊரிலும், எந்த நாளும் நடக்கக் கூடியது.

இதைத் தடுக்கக் கூடியவர் யார்? டாக்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சில மாதங்களுக்கு ஒரு முறைதான் குழந்தையைப் பார்க்கிறார். தினந்தோறும் பார்ப்பவர் ஆசிரியை. ஆகவே, காது எப்படிக் கேட்கிறது, கருவி எப்படி வேலை செய்கிறது என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் கருவியை மட்டும் கொடுப்பது, எண்ணெய் இல்லாத விளக்கைக் கொடுப்பது போலத்தான்.

போர் வளர்த்த விஞ்ஞானம்

காது கேட்பதை ஆராயும் விஞ்ஞானத்துக்கு ஆடியாலஜி என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் குண்டு ஓசையால் அமெரிக்கப் போர்வீரர்கள் பலருக்குக் காது கெட்டது. அவர்களுக்காக ராணுவ ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவுகள் தொடங்கினார்கள். அங்கேதான் இந்த விஞ்ஞானம் வேகமாக வளர்ந்தது. அதில் உழைத்த ரேமண்ட் கார்ஹார்ட் என்பவரை ஆடியாலஜியின் தந்தை என்று போற்றுகிறார்கள்.

ஆனால், காது கேளாத குழந்தைகளின் ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே அந்தப் பயிற்சி தொடங்கியது. தொடங்கி வைத்தவர் ஐரீன் கோல்ட்சாக் என்ற பெண்மணி. அவரே ஓர் ஆசிரியை. பிறகு அவரும் அவருடைய கணவர் அலெக்சாண்டர் யூயிங்கும் சேர்ந்து, கைக்குழந்தைகளின் காதைச் சோதிக்கும் முறையைக் கண்டார்கள். கிண்ணத்தில் ஸ்பூனை மெல்லத் தேய்ப்பார்கள். குழந்தை திரும்பிப் பார்க்கிறதா என்று கவனிப்பார்கள். இந்த ஆராய்ச்சியை 1944-இல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டில் 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் கழகம் ஏற்பட்டது.

"வேண்டியபோது கேட்கும்!"

காதைச் சோதித்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு படம் தருவார்கள். அதற்கு ஆடியோகிராம் என்று பெயர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹார்மோனியத்தை நினைத்துக் கொள்ளுங்கள். இடது பக்கம் கனத்த ஒலி. வலது பக்கம் கீச்சென்ற ஒலி. எந்த ஒலியை எவ்வளவு பலமாக எழுப்பினால் குழந்தைக்குக் கேட்கிறது என்று அந்தப் படத்தில் குறித்திருப்பார்கள்.

சில குழந்தைகளுக்குக் கனத்த ஒலி கேட்கும். கீச்சு ஒலி கேட்காது. 'அம்மா' என்றால் திரும்புவார்கள். 'பஸ்' என்றால் 'ப' மட்டும் காதில் விழும். கடைசியில் வரும் 'ஸ்' விழாது. "இவனுக்கு வேண்டியபோது கேட்கும், வேண்டாதபோது கேட்காது" என்று வீட்டில் திட்டுவார்கள். பாவம், அவன் என்ன செய்வான்! அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்த ஆசிரியை அவனைத் திட்டமாட்டார். அவனுக்கு எந்த எழுத்து கேட்காது என்பது அவருக்குத் தெரியும்.

ஆறு ஒலிகள்

டேனியல் லிங் என்ற அறிஞர் ஓர் எளிய சோதனையைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு யந்திரம் வேண்டாம். பணமும் வேண்டாம்.

ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இவைதாம் அந்த ஆறு ஒலிகள். கனத்த ஒலி முதல் கீச்சு ஒலி வரை, பேச்சுக்கு வேண்டிய எல்லாம் இந்த ஆறில் அடங்கிவிடும்.

ஆசிரியை தம் உதடு தெரியாதபடி இருந்துகொண்டு, ஒவ்வோர் ஒலியாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் சிறு குழந்தை ஒரு மணியை டப்பாவில் போடும். பெரிய குழந்தை அதே ஒலியைத் திருப்பிச் சொல்லும். நேற்று 'ஷ்' கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லையா? உடனே கருவியைப் பார்க்க வேண்டும். பாட்டரி தீர்ந்திருக்கலாம். குழாயில் குறும்பி அடைத்திருக்கலாம். வியர்வை இறங்கியிருக்கலாம். குழந்தைக்குக் காதில் சீழ் வந்திருக்கலாம்.

ஒரு குழந்தைக்குச் சில நிமிஷம் போதும். அந்தச் சில நிமிஷம் ஒரு நாள் பாடத்தைக் காப்பாற்றும்.

இன்னொரு சங்கதி. கருவி சில சமயம் 'கீ' என்று விசில் அடிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார்கள். விசில் நிற்கும், குழந்தைக்குக் கேட்பதும் குறைந்துவிடும்! குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது. காதில் பொருந்தும் அச்சு தளர்ந்துவிடுகிறது. இடுக்கு வழியாக ஒலி கசிந்து விசிலாகிறது. புது அச்சு எடுக்க வேண்டும் என்பதுதான் அந்த விசிலுக்கு அர்த்தம். பயிற்சி பெற்றவருக்கு இது தெரியும்.

எட்ட நின்று பேசினாலும் ஒலி குறையும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். வகுப்பில் மின்விசிறி இரைச்சல் வேறு. பக்கத்தில் நின்று பேசுவதே ஒரு வைத்தியம்தான்.

ஏன் இந்த அவசரம்?

குழந்தை மொழி கற்பது முதல் சில ஆண்டுகளில்தான். அதனால் பிறந்த 1 மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்ய வேண்டும், 6 மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் வீணாகும் ஒவ்வொரு நாளும் பெரிய நஷ்டம்.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். நல்ல காரியம். ஆனால், அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது. கேட்கப் பழக்க வேண்டும். வெளிக்கருவியைப் பேண வேண்டும். அந்தக் குழந்தை நாளைக்குச் சாதாரணப் பள்ளிக்கு வருகிறது. அங்குள்ள ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியுமா?

சில குழந்தைகளுக்கு எந்தக் கருவியும் போதிய பலன் தராது. அவர்களை "கேள், கேள்" என்று வதைப்பது தகாது. சைகை மொழி முழுமையான மொழி. அதைக் கற்பது எந்தக் காது கேளாத குழந்தைக்கும் உரிமை. காதின் நிலையை உள்ளபடி அறிந்த ஆசிரியரே, மொழி இல்லாமல் ஒரு குழந்தை காலத்தைக் கழிக்காமல் பார்த்துக் கொள்வார்.

செய்ய வேண்டியது

சிறப்பு ஆசிரியர்களின் படிப்பை முறைப்படுத்த 1992-இல் சட்டம் வந்தது. அதன்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில் இயங்குகிறது. படிப்பில் ஆடியாலஜி பாடமும் உண்டு. ஆனால், ஒரு முறை படித்தது ஆயுளுக்கும் போதுமா? கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஆண்டுக்கு ஒரு முறை ஆசிரியர்களைச் செவிப்புலன் நிபுணரிடம் அனுப்புங்கள். அவர்கள் கருவியைக் கையால் தொட்டுப் பழகட்டும்.

காது கேளாத குழந்தை படிக்கும் சாதாரணப் பள்ளியின் ஆசிரியருக்கும் ஆறு ஒலிச் சோதனையைக் கற்றுக் கொடுங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் மாற்றுப் பாட்டரியும், கருவியைச் சோதிக்கும் சாதனமும் இருக்கட்டும்.

தாய்மார்களே! இந்த ஆறு ஒலிகளை நீங்களும் கற்றுக் கொள்ளலாம். தலை வாரிப் பின்னல் போடும்போது, பின்னால் இருந்தபடியே சொல்லிப் பாருங்கள். குழந்தை சிரித்தபடி திருப்பிச் சொன்னால், அன்றைய பாடம் அவள் காதில் விழும். சொல்லாவிட்டால், அடிக்காதீர்கள், முதலில் பாட்டரியை மாற்றிப் பாருங்கள்!