நம்மவர் என்பது ஒரு கொள்கை அன்று



ஒன்ராறியோ மாகாண சட்டமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எமது மக்களிடையே ஒரே கேள்விதான் முதலில் எழுகின்றது: "எங்கட ஆள் நிக்கிறாரோ?" அதற்கு "ஓம்" என்ற விடை கிடைத்துவிட்டால், மேற்கொண்டு கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று பலரும் அமைதியாகிவிடுகின்றனர். அவரது பின்னணி யாது, அவரது கட்சியின் கொள்கை யாது என்று ஒருவர் கேட்டால், அவர் இன ஒற்றுமையைக் குலைப்பவராகப் பார்க்கப்படுகின்றார். இந்த மனப்பாங்கு எமக்கு நன்மை செய்யவில்லை, இனியும் செய்யாது.

2016 செப்டெம்பர் 1ஆம் நாள் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் நடைபெற்ற இடைத்தேர்தலை எண்ணிப் பாருங்கள். லிபரல் கட்சியின் சார்பில் பிரகல் திரு போட்டியிட்டார். புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில், ஆசிரியராகவும் யோர்க் பிராந்தியக் கல்விச்சபை உறுப்பினராகவும் பணியாற்றிய நீதன் சான் போட்டியிட்டார். இருவரும் தமிழர். "நம்மவருக்கே வாக்கு" என்ற அளவுகோல் அன்று யாரைச் சுட்டியது? ஒருவரையும் சுட்டவில்லை. வெற்றி பெற்றவர் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் ரேமண்ட் சோ. இரு தமிழர் எதிரெதிரே நிற்கும்போது பயன்படாத அளவுகோல், ஒரு தமிழர் தனித்து நிற்கும்போது மட்டும் போதுமானதாகிவிடுமா?

இனி, 2018 ஜூன் 7ஆம் நாள் தேர்தலுக்கு வருவோம். ஸ்காபரோ ரூஜ் பார்க் தொகுதியில் விஜய் தணிகாசலமும் மார்க்கம் தோர்ன்ஹில் தொகுதியில் லோகன் கணபதியும் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் சார்பில் வெற்றி பெற்றனர். இலங்கைத் தீவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த ஓர் இளைஞர் குயின்ஸ் பார்க் சட்டமன்றத்தில் அமர்ந்தது எமக்குப் பெருமையே. அதனை மறுப்பதற்கில்லை. அவர் தனிநபர் சட்டமூலமாக 2019இல் முன்வைத்த 104ஆம் இலக்கச் சட்டமூலம், 2021 மே மாதத்தில் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டமாயிற்று. அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு ஒன்ராறியோ நீதிமன்றங்களில் தோற்றது. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. எமது வலியை அறிந்த ஒருவர் உள்ளே இருந்தமையாலேயே இது கைகூடியது. பிரதிநிதித்துவம் வெறும் அலங்காரம் என்போருக்கு இதுவே பதில்.

ஆனால் இத்துடன் நின்றுவிடுவதுதான் எமது குறை. சட்டத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். மே 18இல் முடிவடையும் ஏழு நாட்களில் மக்கள் தம்மைத் தாமே அறிவூட்டிக்கொள்ள அது ஊக்குவிக்கின்றது. பாடசாலைகள் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று அது விதிக்கவில்லை. அடுத்த படியைக் கேட்க வேண்டியவர்கள் யார்? வாக்களித்த நாம் அல்லவா?

மேலும், மாகாண சட்டமன்றம் என்பது நினைவேந்தல் மன்றம் மட்டும் அன்று. எமது வைத்தியசாலையும் பிள்ளைகளின் பாடசாலையும் வீட்டு வாடகையும் வேலைத்தல ஊதியமும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. அதே அரசு 2018இல் செய்தவற்றைப் பாருங்கள். 2019 சனவரியில் 15 டொலராக உயரவிருந்த குறைந்தபட்ச மணித்தியால ஊதியத்தை 14 டொலரில் நிறுத்தியது. ஊதியத்துடன் கூடிய இரண்டு நாள் அவசர விடுப்பை நீக்கியது. 2018 நவம்பர் 15இற்குப் பின்னர் முதன்முதலாகக் குடிபுகுந்த வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இல்லை என்றது. 2019இல் கல்விக் கட்டணத்தை நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தது உண்மை. ஆயினும் குறைந்த வருமானக் குடும்பங்களின் மாணவர்களுக்கு இருந்த இலவசக் கல்விக் கட்டண ஏற்பாட்டை அவ்வாண்டே முடிவுக்குக் கொண்டு வந்தது.

தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் அம்மாவையும், புதிய அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதியரையும், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையையும் இவை நேரடியாகத் தொட்டன. கடை நடத்தும் எம்மவர் சிலர் ஊதிய நிறுத்தத்தை வரவேற்றிருக்கலாம்; அது அவர்களது நியாயம். எது சரி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். ஆனால் இவற்றைப் பற்றி எமது சட்டமன்ற உறுப்பினர்களிடம் எத்தனை பேர் கேட்டோம்? தைப்பொங்கல் மேடையில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

"நம்மவரை நாமே கேள்வி கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள்" என்பர் சிலர். தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒருவரைப் பணிக்கு எடுக்கும்போது, அவர் எமது ஊரவர் என்பதற்காக நேர்முகத் தேர்வை யாரும் நிறுத்துவதில்லை. அவர் முன்னர் செய்த வேலையைக் காட்டும்படி கேட்கின்றோம். நான்காண்டுகள் எமது வாழ்வைத் தீர்மானிக்கப் போகும் ஒருவரிடம் அதனைவிடக் குறைவாகக் கேட்பது மரியாதை ஆகாது, அசட்டையே ஆகும். எந்தக் கேள்வியும் இன்றி எமது வாக்கு கிடைக்கும் என்று அறிந்த கட்சி, எமக்காக எதையும் செய்ய வேண்டிய தேவையை உணராது. இது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்.

இதைக் கேட்டு "அப்படியானால் வாக்களிக்கவே வேண்டாம்" என்று வீட்டில் இருப்போர் இன்னும் பெரிய தவறு செய்கின்றனர். 2018இல் ஸ்காபரோ கில்ட்வுட் தொகுதியில் தமிழரான றொசான் நல்லரட்ணம், மிட்சி ஹண்டரிடம் தோற்றது வெறும் 74 வாக்குகளால். 2022 மாகாணத் தேர்தலிலோ வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. அவருக்கு ஆதரவோ எதிர்ப்போ, எமது ஒரு தெருவின் வாக்குகளே முடிவை மாற்றக்கூடியவை.

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இதுவரை இந்தச் சமூகத்துக்காக, பதவி இல்லாதபோது, நீங்கள் செய்தது என்ன?
2. ஊதியம், வாடகை, கல்விக் கட்டணம், மருத்துவம் ஆகியவற்றில் உங்கள் கட்சியின் நிலைப்பாடு என்ன?
3. கட்சியின் முடிவு எமது மக்களைப் பாதிக்கும்போது நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்?

இளையோரே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. சட்டமன்ற உரைகளும் வாக்கெடுப்புப் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பெற்றோருக்கு அந்த ஆங்கிலம் கடினமாக இருக்கலாம். உங்களுக்கு அது எளிது. உங்கள் தொகுதி உறுப்பினர் எதற்கு ஆதரவாக வாக்களித்தார் என்பதைப் படித்து, இரவு உணவு வேளையில் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்குத் தாய்மொழி தந்தார்கள். நீங்கள் அவர்களுக்கு அரசியல் அறிவு தாருங்கள்.

தமிழ்ப் பெயர் கதவைத் திறக்கட்டும். உள்ளே அமர வைப்பது அவரது செயலாக இருக்கட்டும்.

சிந்திப்போம். கேட்போம். வாக்களிப்போம்.