குழந்தைக்கு விமானம், பெத்தவளுக்கு?

2015 ஏப்ரல் 25இல் நேபாளம் குலுங்கியது. சில நாட்களில் இஸ்ரேலிய விமானங்கள் காத்மாண்டுவில் இறங்கி, வாடகைத்தாய்மார் பெற்ற கைக்குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயின. பெற்ற பெண்கள் அங்கேயே விடப்பட்டார்கள். கர்ப்பமாக இருந்தவர்களைக் கூட்டிவரலாமா என்று இஸ்ரேலில் பேச்சு எழுந்தது உண்மைதான். வயிற்றில பிள்ளை இருக்கிற வரைக்குமான அக்கறை அது.

அந்தப் பெண்களில் கனபேர் நேபாளிகளே இல்லை, இந்தியர்கள். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? இஸ்ரேல் தன் நாட்டுக்குள் தன்பாலீர்ப்பு ஆண் இணையருக்கு இந்த வழியை மூடி வைத்திருந்தது, 2022 வரைக்கும். அதனால் அவர்கள் இந்தியாவுக்குப் போனார்கள். 2012இல் இந்தியா, கல்யாணமாகி இரண்டு வருடமான ஆண்-பெண் இணையருக்கு மட்டும்தான் விசா என்றது. வியாபாரம் நேபாளத்துக்கு நகர்ந்தது. அங்கே அப்போது உள்ளூர்ப் பெண்கள் வாடகைத்தாயாக முடியாது, வெளிநாட்டுப் பெண்கள் ஆகலாம் என்றிருந்தது. எல்லை தாண்ட இந்தியப் பெண்ணுக்கு விசா தேவையில்லை. ஏஜென்சிக்கு வேறென்ன வேணும்?

எல்லைகளைத் திறக்கச் சொல்லிக் கோஷம் போடுற ஆக்கள் நாங்கள். இந்தப் பெண்கள் திறந்த எல்லையைத் தாண்டினவைதான். ஆனால் எப்ப போறது, எங்க தங்கிறது, எப்ப வீட்டுக்குத் திரும்பிறது, இதை முடிவெடுத்தது வேற ஆக்கள். ('வாடகை' என்ற சொல்லே பொய். வாடகை வீட்டில் நிபந்தனை போடுறது வீட்டுக்காரர் தானே?)

"அப்ப தடை செய்யுங்கோ" என்று எங்கட வட்டத்திலேயே சில தோழர்கள் சொல்லுறார்கள். கம்போடியா 2016இல் தடை செய்தது. 2018இல் 30க்கும் மேற்பட்ட வாடகைத்தாய்மாரைப் பிடித்து ஆட்கடத்தல் வழக்குப் போட்டது. வெளியே விட ஒரு நிபந்தனை: பெற்ற பிள்ளையை நீயே வளர்க்கவேணும். இந்தியாவின் 2021 சட்டம் இன்னொரு வகை. மருத்துவச் செலவு, காப்புறுதி போன்றவை தவிர அவளுக்குக் காசு கிடையாது. டொக்டருக்குக் கட்டணம், வழக்கறிஞருக்குக் கட்டணம், ஒன்பது மாதம் சுமக்கிறவளுக்கு மட்டும் தியாகப் பட்டம்!

இது வேலை. வேலை என்று ஒத்துக்கொண்டால்தான் அவள் மொழியில் ஒப்பந்தம், ஏஜென்சி பிடித்துத் தராத அவளுடைய சொந்த வக்கீல், பிரசவத்துக்குப் பிறகும் வைத்தியம் என்று கேட்க முடியும். பாஸ்போர்ட்டும் அவள் கையிலேயே இருக்கவேணும்.